வெறுங்கையோடு நின்ற நாள்

ஜனவரி 8

முட்டி வலி இன்று தேவலை. வெயில் பால்கனிக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். உள்ளே பாப்பா பியூகிளின், அந்தப் பித்தளை ஊதுகொம்பின், வாய்முனையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு ஊதிப் பழகிக்கொண்டிருந்தாள். அதை மட்டும் ஊதினால் வாத்துக்குச் சளி பிடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். கீழ்வீட்டு டீச்சருக்கு அது பிடிக்காது. எனக்கு அது இல்லாவிட்டால் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது.

ஐம்பத்தேழு வயதில் ஒரு பாப்பா. போலீஸ் பேண்டில் முதல் பியூகிள் என் மகள்தான். இந்த வருஷக் கடைசியில் ஓய்வு. ஆபீசில் எல்லோருக்கும் மேடம், வீட்டில் பாப்பா. மாற்றிக்கொள்ள எனக்கு வரவில்லை, அவளும் கேட்டதில்லை.

காலையில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து டீயில் முக்கித் தின்றாள். கடிக்கவே இல்லை. கேட்டதற்கு, "ரொட்டி கெட்டியா இருக்கும்மா" என்றாள். நானும் அதே ரொட்டியைத்தான் தின்றேன், பஞ்சு மாதிரி இருந்தது. எனக்கு இருப்பதோ பாதிப் பல்.

ஜனவரி 10

இன்றும் கடிக்கவில்லை. என்னவோ மறைக்கிறாள்.

ஜனவரி 19

மத்தியானம் மாப்பிள்ளை கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து நின்றார். சீருடை தைக்கிற கடை அவருடையது. கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை எடுக்கக்கூட மறந்து, அப்படியே தெருவெல்லாம் நடந்து வந்திருக்கிறார்.

"அத்தை, உட்காருங்க. உட்கார்ந்துட்டுக் கேளுங்க."

போலீஸ்காரன் வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டுச் சொல்கிற சேதி எதுவும் நல்லதாக இருந்ததில்லை. "நின்னுக்கிட்டே கேக்கறேன், சொல்லுங்க" என்றேன்.

"நம்ம வீட்டுக்குப் பதக்கம் வருது. தேசியப் பதக்கம். சிறந்த காவல் பணிக்குன்னு லிஸ்ட்டுல பேர் வந்திருக்கு."

அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் பாப்பா வந்தாள். பூட்ஸைக் கழற்றினாள், தொப்பியை ஆணியில் மாட்டினாள், "டீ இருக்காம்மா?" என்றாள்.

"ஏண்டி, பதக்கம்னு சொல்றாங்க?"

"ஆமா. கொடுத்திருக்காங்க."

வெளியே தூறுகிறது என்று சொல்வாளே, அந்தக் குரலில். நான்தான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேனே. சந்தோஷம் என்றால் காதுமடல் மட்டும் சிவக்கும். சிவந்திருந்தது.

ஜனவரி 20

பால்காரர், கீழ்வீட்டு டீச்சர், மருந்துக்கடைப் பையனின் அம்மா, எதிர் மாடியில் துணி காயப்போட வந்தவள் — இன்றைக்கு யாரையும் விடவில்லை. இஸ்திரி போடுகிறவர்தான் பெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"பெரிய திருடனைப் பிடிச்சாங்களா பாட்டி?"

"இல்லப்பா. பியூகிள் ஊதுறா."

"ஊதுறதுக்கா பதக்கம்?"

"ஆமா. நீ போய்ச் சேர்ந்தா உனக்கு ஊத ஆள் வருமா, யோசி" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, "வராது பாட்டி, கடன்காரன்தான் வருவான்" என்றார். பாப்பாவின் சட்டையை இன்னொரு தரம் தேய்த்துக் கொடுத்தார்.

பேத்திக்கும் போன் போட்டேன். தூரத்து ஊரில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். வகுப்பில் இருந்தாளாம், பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது. "பாட்டி, எனக்கு அம்மா நேத்தே மெசேஜ் போட்டுட்டாங்க. என்ன போட்டாங்க தெரியுமா? பதக்கம், தேதி பின்னர்-னு போட்டிருக்காங்க. தந்தி அடிக்கிற காலத்துலயே நிக்கிறாங்க" என்று சிரித்தாள்.

ஜனவரி 23

இரண்டு நாளாகப் பழைய போலீஸ் குவார்ட்டர்ஸ் ஞாபகமாகவே இருக்கிறது.

ஒரு அறை, ஒரு சமையலறை, பத்து வீட்டுக்குப் பொதுவாக ஒரு குழாயடி. சுவர் அவ்வளவு மெல்லிசு. பக்கத்து வீட்டு ஏட்டு தும்மினால் என் வீட்டுக்காரர் இங்கிருந்து "நூறு வயசு" என்பார். இவர் கான்ஸ்டபிள். பணி முடிந்து வந்து, பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டுவார். நான் அன்றைக்கு நடந்த கதையெல்லாம் சொல்வேன். குழாயடிச் சண்டை, அரிசி விலை, பாப்பா எதை உடைத்தாள் என்பது வரை. ம் கொட்டிக்கொண்டே கேட்பார். தூங்கிவிட்டாரா என்று நிறுத்தினால், "ம், அப்புறம்?" என்பார். ஆள் போன பிறகு அந்தக் கதைகளைச் சொல்ல இடமில்லாமல்தான் எழுத ஆரம்பித்தேன். அஞ்சாவதோடு நின்ற படிப்பு. ஆனாலும் எழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்று வாத்தியார் சொல்வார்.

ஒரு வருஷம் வெள்ளம் வந்தபோது ஆற்றோரக் குடிசைகளிலிருந்து போலீஸ்காரர்கள் ஆட்களைக் கயிறு கட்டி இழுத்து ஏற்றினார்கள். கடைசியாக ஒரு கிழவரை ஏற்றிவிட்டு இவர் திரும்பும்போது கரை இடிந்தது. அவ்வளவுதான். கிழவர் பிழைத்தார். அதற்குப் பிறகு ரொம்ப காலம் எங்கள் வாசல் வரை வந்து, ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டுப் போவார்.

பாப்பாவுக்கு அப்போது பத்தொன்பது முடிந்திருக்கும். டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா வேலை மகளுக்கு என்று கூப்பிட்டுவிட்டார்கள். பெரிய அதிகாரி, நல்ல மனுஷர், "டைப்பிங்கா, டெலிபோனா, எது வேணும்மா?" என்று கேட்டார். நான் டைப்பிங் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டு, "பேண்டு" என்றாள். அவர் பேனாவை மூடினார். "பேண்டில் பெண்கள் கிடையாதே" என்றார். "நான் போனா இருப்பாங்க சார்" என்றாள்.

எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு? இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. இவரை அடக்கம் செய்தபோது ஒருவர் பியூகிள் ஊதினார். அதை அவள் கண் எடுக்காமல் பார்த்தபடி நின்றதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

பழகின கதை சிரிப்பாகச் சிரிக்கும். குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஊதுவாள். முதல் மாசம் காக்கைகள் ஊரைவிட்டே போய்விட்டன. இன்ஸ்பெக்டர் வீட்டம்மா ஆள் விட்டு, "யாராவது மாட்டுக்கு வைத்தியம் பண்றாங்களா?" என்று கேட்டு அனுப்பினாள். அப்புறம் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து ஊதிப் பழகினாள். உறை முழுக்க எச்சில். துவைத்துப் போட்டது யார்? நான்தான். பதக்கத்தில் தலையணைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

பிப்ரவரி 2

தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிட்டார். மேல் வரிசையில் முன்பல் இரண்டும் ஆடுகின்றன. இத்தனை வருஷம் பித்தளையை வைத்து அழுத்தி அழுத்தி ஈறு தேய்ந்துவிட்டதாம். பல் டாக்டர் இரண்டையும் எடுத்தாக வேண்டும் என்கிறார். எடுத்துவிட்டுக் கட்டுப்பல் வைக்கலாம், பேசலாம், சாப்பிடலாம். ஊத முடியாது.

"எப்போ எடுக்கப்போறே?"

"மார்ச் ஒன்பதாம் தேதி அணிவகுப்பு முடியட்டும்மா."

மார்ச் ஒன்பது எங்கள் ஊர்ப் போலீசின் நினைவு நாள். பணியில் இறந்துபோன போலீஸ்காரர்களுக்கு வருஷா வருஷம் மைதானத்தில் மரியாதை செய்வார்கள். பெயர்களைப் படிப்பார்கள், பிறகு ஒற்றை பியூகிள். அதற்கு இங்கிலீஷில் ஏதோ பேர் உண்டு. நான் நினைவு ஊதல் என்றுதான் சொல்வேன். வேலைக்குச் சேர்ந்த மறுவருஷத்திலிருந்து அதை ஊதுவது பாப்பாதான்.

அப்படியென்றால் இந்த மார்ச்தான் கடைசி. அவள் சொல்லவில்லை. எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா?

பிப்ரவரி 12

இதை யாருமே யோசிக்கவில்லை. பதக்கமும் அதே நினைவு நாளில்தான் கொடுப்பார்களாம். வாங்குகிறவர்கள் ஆரம்பத்திலிருந்தே மைதானத்து நடுவில் வரிசையில் விறைப்பாக நிற்க வேண்டும். பேண்டு ஓரத்தில் நிற்கும். நடுவில் அங்கேயும் இங்கேயும் ஓட முடியாது. ஒன்று ஊதலாம், இல்லையென்றால் பதக்கம் வாங்கலாம். வராதவர்களுக்கு ஆபீசில் மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்.

ராத்திரி பாப்பா சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, "சரி, வரிசையில நிக்கறேன். நீ பார்க்கணும்னு ஆசைப்படுறே" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. எந்தப் புடவை கட்டுவது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

பிப்ரவரி 20

இன்று முதல் ஒத்திகை. பாப்பா வருவதற்கு முன்னாலேயே இடி வந்துவிட்டார். பேண்டில் பெரிய டிரம் அடிக்கிறவர், அதனால் எல்லோருக்கும் அவர் இடி. பாப்பாவோடு சேர்ந்த காலத்துக்காரர். அவர் ரகசியம் பேசினாலே கீழ்வீட்டுக்குக் கேட்கும்.

"அம்மா, இன்னைக்கு உங்க பொண்ணு பண்ணின வேலை தெரியுமா?"

பதக்க வரிசையில் நிற்க வைத்தார்களாம். பேண்டு வரிசையில் பாப்பாவின் இடத்தில் ஒல்லி. ஒல்லி இரண்டாம் பியூகிள். பெயருக்கு ஏற்ற மாதிரி உடம்பு, ரெண்டு பிள்ளைகளுக்கு அப்பா. "பியூகிள்" என்று கட்டளை வந்ததும் ஒல்லி ஒரு அடி முன்னால் வைத்திருக்கிறான். அதே நொடியில் மைதானத்து நடுவில் பாப்பாவும் ஒரு அடி முன்னால் வைத்து, வலது கையை வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள். கையில் ஒன்றும் இல்லை. காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"மைதானமே சிரிச்சுதும்மா. எஸ்.பி. கூட திரும்பிக்கிட்டாரு. மேடமும்தான் சிரிச்சாங்க."

நானும் சிரித்தேன். பாப்பா வந்தாள். முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 21

சண்டை.

வரிசையில் நிற்க மாட்டாளாம். ஊதப்போகிறாளாம். பேண்டு மாஸ்டரிடம் சொல்லிவிட்டாளாம். பதக்கத்தை ஆபீசில் வாங்கிக்கொள்வாளாம்.

"ஒரு அடி தப்பா வச்சதுக்கா? யாருக்குத்தான் வராது?" என்றேன்.

"அதுக்கில்லம்மா."

"பின்ன எதுக்கு?"

"என்னால வெறுங்கையோட நிக்க முடியாது."

"எல்லாரும் வெறுங்கையோடதான் நிக்கறாங்க. அவங்களுக்கெல்லாம் கை இல்லையா?"

"அவங்க வேற."

"நீ மட்டும் என்ன வானத்துலேர்ந்து குதிச்சியா? நான் என்ன கேட்டேன் உன்கிட்ட? நகை கேட்டேனா, வீடு கேட்டேனா? உன் சட்டையில அதைக் குத்துறதை ஒரு தடவை கண்ணால பார்க்கணும்னு கேட்டேன். உங்கப்பா இருந்தா —"

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள். எப்போதுமே இப்படித்தான். அவர் பேச்சை எடுத்தால் அவளுக்கு அடுப்பில் ஏதாவது பொங்கும், வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை உட்கார்ந்து பேசியிருப்பாளா? வருஷா வருஷம் அவருக்கு ஊதத் தெரியுது, என்னோட உட்கார்ந்து பேசத் தெரியலையா? நான் யார்கிட்ட போய்ப் பேசுவேன் — அவரைத் தெரிஞ்சவங்க எத்தனை பேர் மிச்சம் இருக்காங்க?

மாப்பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் டீயை வைத்துவிட்டு, "எனக்குக் கடையில அவசரமா ஒரு பட்டன் இருக்கு" என்று ஓடிவிட்டார்.

பிப்ரவரி 22

பேசவில்லை. அவளும்தான்.

பிப்ரவரி 25

துணி மடிக்கும்போது அவள் முதன்முதலாக ஊதின நினைவு நாள் ஞாபகத்துக்கு வந்தது.

இறந்தவர்களின் சொந்தக்காரர்களுக்காகப் போட்டிருந்த பந்தலில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷத்துப் பெயர்களில் இவர் பெயர் மூன்றாவது. அதைப் படித்ததும் பந்தலில் என் பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் அழுதார்கள், நானும் அழுதேன். தூரத்தில் பேண்டிலிருந்து ஒரு சின்ன உருவம் முன்னால் வந்தது. தொப்பி பெரிசு, அவள் சின்னவள். ஊதினாள். ஒரு சுரம் கூட நடுங்கவில்லை. அவ்வளவு பெரிய மைதானத்தில் அந்தச் சத்தம் மேலே போய், நின்று, இறங்கி வந்தது.

பெண்கள் பேசிக்கொண்டார்கள். "பெத்த அப்பனுக்கு ஊதுது, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை பாரு." எனக்குச் சுருக்கென்றது. அன்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"அழுதா உதடு நிக்காதும்மா. உதடு நிக்கலைன்னா ஊத முடியாது" என்றாள்.

ரொம்ப நேரமாக மடித்த துணியையே மடித்துக்கொண்டிருக்கிறேன். அவள் அடக்கத்தன்றும் அழவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். மறுவருஷம் பியூகிள் கைக்கு வந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் கையில் அது இருந்தது. வெறுங்கையோடு நிற்க முடியாது என்கிறாளே... இதைத்தான் சொல்கிறாளா?

பிப்ரவரி 26

வாசலில் பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தாள். "நீயே ஊது பாப்பா. பதக்கத்தை ஆபீசிலேயே வாங்கிக்கோ. நான் பந்தலில் உட்கார்ந்து கேக்கறேன், எப்பவும் போல" என்றேன்.

கயிற்றைக் கட்டின கை அப்படியே நின்றது. "நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"கோபமா?"

"கோபம் இருந்தா நேத்து குழம்புல உப்பு போட்டிருக்க மாட்டேன்."

"நேத்து உப்பு இல்லம்மா" என்றாள்.

ஐந்து நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

மார்ச் 3

நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. இன்று பேண்டு அறையில் பாப்பா, ஒல்லி, பேண்டு மாஸ்டர் மூன்று பேரும் இருந்திருக்கிறார்கள். பாப்பா முழுசாக ஒரு தரம் ஊதினாள். உச்சியில் போய் நிற்கிற சுரம் உடைந்துவிட்டது. மறுபடி ஊதினாள். மறுபடி உடைந்தது. மாஸ்டர், "வெளியில யாருக்கும் தெரியாது மேடம், அவ்வளவு பெரிய மைதானம்" என்று சொல்லியிருக்கிறார்.

பாப்பா வாய்முனையைத் துடைத்தாள், எச்சில் தண்ணீரை வடித்தாள், துணியால் பித்தளையை மெதுவாகத் தேய்த்தாள், ஒல்லியின் கையில் கொடுத்துவிட்டாள். "மைதானத்துக்குத் தெரியாது. யாருக்காக ஊதுறோமோ அவங்களுக்கு உடைஞ்ச சுரம் போகக்கூடாது" என்றாளாம். இதை என்னிடம் வந்து சொன்னது இடிதான், அவருக்கு ஒல்லி சொன்னானாம். இன்று அவர் குரல் கீழ்வீட்டுக்குக் கேட்கவில்லை.

எனக்கு வேண்டியது எனக்குக் கிடைத்துவிட்டது. சந்தோஷப்படத்தான் வரவில்லை.

சாயங்காலம் அவள் பால்கனியில் நின்றிருந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்தாள், விட்டாள், பாக்கெட்டில் விட்டாள், எடுத்தாள். ஒரு கூடை பட்டாணியைக் கொண்டுபோய், அவளை உட்காரச் சொல்லி மடியில் வைத்து, "உரிச்சுக் கொடு" என்றேன். உரித்தாள்.

மார்ச் 7

பேத்தி வந்துவிட்டாள். வீடு நிறைந்த மாதிரி இருக்கிறது. அவளும் அவள் அப்பாவும் சேர்ந்து சீருடையை மேஜையில் பரப்பி ஆராய்ச்சி செய்தார்கள். பதக்கத்தை ஊக்கு வைத்துக் குத்தினால் துணி தொங்குமாம். இடது பாக்கெட்டுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு நூல் வளையம் போட வேண்டுமாம். மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அதை மூன்று தரம் பிரித்துப் பிரித்துத் தைத்தார்.

"இந்த மனுஷன் கல்யாணத்துக்கு முன்னாடி என் சட்டைக்கு ஆறு தடவை அளவு எடுத்தாரு. அப்போவே சந்தேகப்பட்டிருக்கணும்" என்றாள் பாப்பா.

"தோள் ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கி இருந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்றார் மாப்பிள்ளை.

அவள் சிரிக்கும்போது இப்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்கிறாள்.

மார்ச் 9

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

விடிவதற்குள் கிளம்பிவிட்டோம். பந்தலில் முன்வரிசையில் நான், மாப்பிள்ளை, பேத்தி. முன்பு ஒரு பக்கமாக உட்கார வைப்பார்கள்; இன்று நடுவில். மைதானத்துப் புல்லை ஒட்ட வெட்டியிருந்தார்கள், ஈர வாசனை. பதக்கக்காரர்கள் ஒரே வரிசையில் வந்து நின்றார்கள். இடமிருந்து நாலாவது என் பெண். கை இரண்டும் உடம்போடு ஒட்டி, விரல் மடங்கி. தலை நிமிர்ந்து.

இத்தனை வருஷம் அவளைத் தூரத்தில் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன், முகத்தில் பாதியைப் பித்தளை மறைத்திருக்கும். இன்றைக்கு முழு முகம். என் எதிரிலேயே.

பெயர்களைப் படித்தார்கள். இந்த வருஷத்துக்காரர்கள். ஒரு பெயருக்கு என் பின்னால் யாரோ ஒரு பெண் விம்மினாள். கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டாள். சின்ன வயசுக் கை.

"பியூகிள்."

நான் பாப்பாவின் காலைப் பார்த்தேன். வலது குதிகால் லேசாக எழும்பியது. எழும்பி, அங்கேயே இறங்கிவிட்டது.

ஒல்லி ஊதினான். நன்றாக ஊதினான், குறை சொல்ல மாட்டேன். உச்சிச் சுரம் மேலே போய் நின்றது, உடையவில்லை. அதைக் கேட்டுவிட்டுப் பாப்பாவின் முகத்துக்கு வந்தேன். உதடு ஒவ்வொரு சுரத்துக்கும் அவனோடு சேர்ந்து குவிந்துகொண்டிருந்தது. பாதி வரைக்கும். அப்புறம் நின்றுவிட்டது. நடுங்கியது. கண்ணிலிருந்து நீர் இறங்க ஆரம்பித்தது.

விறைப்பாக நிற்கும்போது துடைக்கக் கூடாது. அவள் துடைக்கவில்லை. கன்னத்தில் இறங்கி, தாடையில் நின்று, காலரில் சொட்டியது. ஊதல் முடிந்து அந்த நீளமான அமைதி இருக்குமே, அதிலும் இறங்கிக்கொண்டே இருந்தது. பேத்தி என் முழங்கையைப் பிடித்து, "பாட்டி, அம்மா..." என்றாள். அவள் தன் அம்மா அழுது பார்த்ததில்லை. நான் மட்டும் பார்த்திருக்கிறேனா? சின்னப் பிள்ளையில் முட்டி சிராய்த்துக்கொண்டபோது பார்த்தது. அப்புறம் இன்றைக்குத்தான்.

பதக்கம் குத்த வந்த பெரிய அதிகாரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரித்தபடி ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். பிறகு கேட்டோம். "சந்தோஷக் கண்ணீரா அம்மா?" என்றாராம். "ஆமா சார்" என்றாளாம்.

வெயில் பட்டுப் பதக்கம் ஒரு தரம் மின்னியது. மாப்பிள்ளை முன்னால் சாய்ந்து, "தொங்கலை பார்த்தீங்களா அத்தை, நேரா நிக்குது" என்றார்.

மார்ச் 10

நாள் முழுக்கத் தூங்கினாள். நான் எழுப்பவில்லை.

மார்ச் 13

இஸ்திரிக்காரர் பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கனமாத்தான் இருக்கு" என்றார். ஒரு நாள் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். கூடாது என்றேன்.

மார்ச் 17

இரண்டு பல்லையும் எடுத்தாகிவிட்டது. முகம் ஒரு பக்கம் வீங்கி, பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தாள். ஐஸ்கட்டி வைத்து ஒத்தடம் கொடுத்தேன். "பசிக்கல" என்று கையால் காட்டினாள். நேற்றும் இப்படித்தான், பயத்தில்.

மார்ச் 19

காலையில் வாத்துச் சத்தம் இல்லை. கீழ்வீட்டு டீச்சரே மேலே வந்து, "ஏன், உடம்பு சரியில்லையா அவங்களுக்கு?" என்று கேட்டாள். பாப்பாவுக்கு இன்றும் தொண்டையில் தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறது.

மார்ச் 21

மத்தியானம் மாப்பிள்ளை கடையில். நான் கட்டிலில் உட்கார்ந்து தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தேன். பாப்பா வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தாள். வீக்கம் வடிந்திருக்கிறது, பேச்சு மட்டும் காற்றாக வருகிறது.

"அம்மா. அன்னைக்குக் காலையில அப்பா என்னை எழுப்பினாரா?"

எந்தக் காலை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, அவர் கடைசியாகக் கிளம்பிய காலை.

"இல்ல. விடியறதுக்கு முன்னாடியே ஆள் வந்து கூப்பிட்டுட்டாங்க. நீ தூங்கிட்டு இருந்தே."

"முந்தின நாள் நான் அவரோட பேசல. டைப்பிங் கிளாஸ்ல எல்லாரும் ஊர் சுத்திப் பார்க்கப் போறதா இருந்தாங்களே, போகக் கூடாதுன்னுட்டாரு. அதுக்காக. சாப்பிடக் கூப்பிட்டதுக்கும் திரும்பிப் பார்க்கல." கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "கோபமாவே போனாராம்மா?"

இவ்வளவு வருஷமும் இதையா வைத்துக்கொண்டிருந்தது இந்தப் பெண்?

"கோபமா? அவருக்கா? போறதுக்கு முன்னாடி வந்து உன்னைப் பார்த்தாரு. நீ போர்வையை உதைச்சுத் தள்ளிட்டுக் கிடந்தே. இழுத்து விட்டாரு. அப்புறம் வாசல்ல உன் செருப்பைப் பார்த்துட்டு, 'வார் அறுந்திருக்கே, இதைப் போட்டுக்கிட்டா கிளாசுக்குப் போறா? எங்கிட்ட சொல்லக்கூடாதா'ன்னாரு. போற வழியில தைக்கக் கொடுக்கறேன்னு பேப்பர்ல சுத்திப் பையில வச்சுக்கிட்டாரு. 'ஊர் சுத்தப் போறவளுக்கு நல்ல செருப்பு வேணும்ல, சாயந்தரம் சொல்லு அவகிட்ட'ன்னாரு."

"அந்தப் பழுப்புச் செருப்பா?"

"ஆமா."

"நான் அதைத் தேடினேன்மா. எங்கேயோ தொலைச்சுட்டேன்னு நினைச்சேன்." மூச்சு வாங்கினாள். "ஒத்தையா, ஜோடியாவா?"

"ஜோடியாத்தான். ஒத்தையைக் கொடுத்தா கடைக்காரன் தொலைச்சுடுவான்னாரு."

முகத்தைக் கட்டிலின் விளிம்பில் வைத்துக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. நான் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். உச்சியில் எவ்வளவு நரை. அவளாக, "அப்புறம்?" என்றாள். சொன்னேன். அவர் கேலி பேசுவது, குளிக்கும்போது பாடுகிற பாட்டு, மேல் அதிகாரி மாதிரி நடந்து காட்டுவது எல்லாம். சில இடங்களில் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, பசிக்குது."

உருளைக்கிழங்கை வேகவைத்து, கட்டி இல்லாமல் மசித்து, பால் விட்டுக் கொடுத்தேன். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.